முதல் டிராவல் கிரெடிட் கார்டு: பயணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இதுவரை கையில் டெபிட் கார்டு மட்டும். வருடத்துக்கு இரண்டு மூன்று உள்நாட்டு விமானப் பயணம், ஒரு வெளிநாட்டுப் பயணம். மாதச் செலவு 40,000. இரண்டு கார்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, விமான நிறுவனம் ஒன்றின் பெயர் போட்ட கார்டு: ஆண்டுக் கட்டணம் 5,000, 100 செலவுக்கு 3 மைல் (விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் பாயிண்டுக்கு அந்த நிறுவனங்கள் வைத்த பெயர்), முதல் 90 நாளில் 1,50,000 செலவழித்தால் 10,000 மைல் வரவேற்பு போனஸ், வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதக் கூடுதல் கட்டணம். மற்றது, வங்கியின் சொந்த டிராவல் கார்டு: ஆண்டுக் கட்டணம் 1,000, வருடத்தில் 2,50,000 செலவழித்தால் அதுவும் தள்ளுபடி, 100 செலவுக்கு 2 பாயிண்ட் (ஒரு பாயிண்டின் மதிப்பு 0.5), வெளிநாட்டுச் செலவுக்கு 2 சதவீதம். எதை வாங்குவது?

இரண்டாவதை வாங்குங்கள். எந்த நாட்டுப் பணத்தில் வைத்துப் பார்த்தாலும் உங்கள் செலவுக்கு அதுதான் பொருந்தும். ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு மூன்றாவதாக ஒரு கார்டை யாராவது காட்டினாலும் இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். மாதா மாதம் பில் தொகையை முழுசாகக் கட்ட முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மேலே படியுங்கள். கிரெடிட் கார்டு வட்டி பல நாடுகளில் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 40 சதவீதத்தைத் தொடுகிறது. டிராவல் கார்டு திருப்பித் தருவதோ பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சதவீதம். ஸ்டேட்மென்டில் 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மீதிக்கு வட்டி ஓடும். அதைவிட முக்கியமானது, பாக்கி வைத்த மாதத்திலிருந்து, பில் கட்டும் தேதி வரை கிடைக்கும் வட்டியில்லாத அவகாசமே பெரும்பாலும் போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். ஒரே ஒரு மாதம் இப்படி நழுவினால் பல மாதம் சேர்த்த பாயிண்ட் கரைந்துவிடும். அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். 'மினிமம் டியூ' அல்ல, 'டோட்டல் டியூ' என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அதே போல இந்தக் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்கு அவகாசமே கிடையாது, எடுத்த நாளே வட்டி, மேலே தனிக் கட்டணம் வேறு.

சரி, இந்தப் பாயிண்ட் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கடையில் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் தன் பங்காக ஒரு தொகையைக் கொடுக்கிறார். அதில் பெரும் பகுதி கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது, இன்டர்சேஞ்ச் என்று அதற்குப் பெயர். அந்தப் பணத்தில் ஒரு துண்டுதான் உங்களுக்குப் பாயிண்டாக வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் தனிநபர் கிரெடிட் கார்டுக்கு இந்தத் தொகையை 0.3 சதவீதம் என்று கட்டிப் போட்டது. அமெரிக்காவில் அப்படி ஒரு வரம்பு கிரெடிட் கார்டுக்கு இல்லை, அங்கே பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்கள் காட்டும் போனஸைப் பார்த்துவிட்டு நம் ஊர் வங்கி ஏமாற்றுகிறது என்று நினைக்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஊற்று எவ்வளவோ அவ்வளவுதான் குடத்தில் ஏறும். வேறு நாட்டில் இருப்பவர் சொல்லும் கார்டு ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

புதிதாகக் கார்டு வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது '100 ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட்?' என்பதைத்தான். விளம்பரமும் அந்த எண்ணையே பெரிதாகப் போடும். ஆனால் பாயிண்ட் என்பது வங்கி அச்சடிக்கும் நாணயம் மாதிரி. அதன் மதிப்பை வங்கியே வைக்கிறது, வங்கியே மாற்றுகிறது. 100க்கு 4 பாயிண்ட் தந்து ஒரு பாயிண்டின் மதிப்பை 0.25 என்று வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது 1 சதவீதம். 100க்கு 2 பாயிண்ட் தந்து அதன் மதிப்பை 1 என்று வைத்தால் 2 சதவீதம். குறைந்த எண் போட்ட கார்டுதான் இங்கே இரண்டு மடங்கு தருகிறது. அதனால் சேரும் பக்கத்தை ஓரமாக வையுங்கள், செலவாகும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த வருடம் நிஜமாகவே போகப்போகும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'என்றாவது பிசினஸ் கிளாஸில்' என்ற கனவுப் பயணம் வேண்டாம். அந்தப் பயணத்துக்கான டிக்கெட்டை இந்தக் கார்டின் பாயிண்டில் வாங்கினால் எத்தனை பாயிண்ட் கேட்கிறார்கள், கையிலிருந்து எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று கார்டு வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். மைல் திட்டத்தில் சேர்வது பெரும்பாலும் இலவசம். சேர்ந்து, தேடிப் பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய கார்டும் விமான நிறுவனப் பெயர் போட்டதுதான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒவ்வொரு செலவையும் அதிலேயே போட்டுச் சேர்த்தேன். ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து ஊருக்குப் போக டிக்கெட் தேடினேன். திரையில் 15,000 மைல் என்று வந்தது, என்னிடம் இருந்தது அதற்குச் சற்று அதிகம், சந்தோஷமாக அடுத்த பக்கத்துக்குப் போனேன். மைல் எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி: வரியும் கட்டணமும் 3,000. அதே விமானம், அதே நாள், காசு கொடுத்து வாங்கினால் 12,000. அப்படியானால் என் 15,000 மைல் மிச்சப்படுத்தியது 9,000. ஒரு மைல் 0.6. நான் மனதுக்குள் ஒரு மைலுக்கு ஒன்று என்று போட்டு வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் இந்தக் கணக்கை முதல் முறையாகத் தாளில் போட்டேன்: டிக்கெட்டின் ரொக்க விலை, அதிலிருந்து கையால் கட்டும் வரியைக் கழித்து, மீதியைக் கேட்கும் பாயிண்டால் வகுக்க வேண்டும். இந்த ஒரு வகுத்தல் கணக்கு தெரிந்துவிட்டால் எந்த விளம்பரமும் உங்களைக் குழப்பாது.

மைல் டிக்கெட்டுக்குக் கையிலிருந்து கட்டும் அந்தத் தொகையில் விமான நிலைய வரி இருக்கும், அது தவிர்க்க முடியாதது. சில நிறுவனங்கள் எரிபொருள் கட்டணம் என்று தனியாகவும் ஒன்றைச் சேர்க்கின்றன. நீண்ட தூரப் பயணத்தில் அது கனமாகவே இருக்கும். மைல் டிக்கெட் 'இலவச டிக்கெட்' என்று யாராவது சொன்னால் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள்.

மைலின் மதிப்பு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு வந்த மைல் திட்டங்களில் வெகு காலம் ஓர் அட்டவணை இருந்தது. இந்தப் பகுதியிலிருந்து அந்தப் பகுதிக்கு இத்தனை மைல் என்று எழுதி வைத்திருப்பார்கள். டெல்டா 2015ல் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது, யுனைடெட் 2019ல் எடுத்தது. இப்போது பல நிறுவனங்களில் ரொக்க விலை ஏறினால் மைல் விலையும் ஏறுகிறது. விடுமுறைக் காலத்தில் கேட்கும் மைலைப் பார்த்தால் புரியும். காலாவதியும் ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி. டெல்டாவின் மைலுக்குக் காலாவதி இல்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் போய்விடும். சேர்த்து வைத்துப் பெரிதாக ஒன்று செய்யலாம் என்று காத்திருக்கும் மைல் வளர்வதில்லை, அதற்கு வட்டியும் கிடையாது. சேர்ந்ததும் செலவழிக்கும் பழக்கமே முதல் கார்டுக்காரருக்கு நல்லது.

இங்கேதான் விமான நிறுவனப் பெயர் போட்ட கார்டுக்கும் வங்கியின் சொந்தப் பாயிண்டுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. நிறுவனக் கார்டில் செலவழித்த மாதமே மைல் அந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விடும். அந்த நிறுவனம் உங்கள் ஊருக்கான விமானத்தை நிறுத்தினாலும், மைல் விலையை ஏற்றினாலும், கையில் இருப்பது அதுதான். வங்கிப் பாயிண்ட் வங்கியிடமே இருக்கும். வேண்டியபோது அதைக் கொடுத்து எந்த விமானத்திலும் டிக்கெட் போடலாம், அல்லது வங்கியோடு ஒப்பந்தம் உள்ள மைல் திட்டம் ஒன்றுக்கு மாற்றலாம். மாற்றுவதில் ஒரு எச்சரிக்கை: ஒரு தடவை மாற்றிவிட்டால் திரும்பாது. டிக்கெட் இருப்பதை உறுதி செய்த பிறகே மாற்ற வேண்டும். மாற்று விகிதத்தையும் பாருங்கள், எப்போதும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்காது. மாரியட் ஓட்டல் பாயிண்டை விமான மைலாக மாற்றினால் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்றுதான்.

விமான நிறுவனக் கார்டு யாருக்குமே பொருந்தாது என்று சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தில் மாதம் ஒரு முறையாவது பறப்பவர், பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டுபவர், இவர்களுக்கு அந்தக் கார்டோடு வரும் இலவசப் பெட்டி மட்டுமே ஆண்டுக் கட்டணத்தை ஈடுகட்டிவிடும். விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணிகளும் உண்டு: ஸ்டார் அலையன்ஸ் 1997ல் வந்தது, ஒன்வேர்ல்டு 1999ல், ஸ்கைடீம் 2000ல். ஒரு நிறுவனத்து மைலை அதன் கூட்டணியில் உள்ள மற்ற விமானங்களிலும் பயன்படுத்த முடிவதால், தெரிந்தவர்கள் நல்ல மதிப்பை எடுக்கிறார்கள். அதற்கு நேரமும் நாள் மாற்றிப் போகும் வசதியும் வேண்டும். வருடத்தில் மூன்று பயணம், அதுவும் லீவு கிடைக்கும் தேதியில்தான் என்றால் அது நமக்கான விளையாட்டு இல்லை.

இப்போது உங்கள் மாதச் செலவு 40,000ஐப் பிரிப்போம். கடந்த ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து, ஒரு பேனாவோடு உட்காருங்கள். வீட்டு வாடகை, இன்சூரன்ஸ், எரிபொருள், வரி, வாலட்டில் ஏற்றும் பணம் இவற்றை வட்டமிடுங்கள். பெரும்பாலான கார்டுகளில் இந்த வகைகளில் சில, சில கார்டுகளில் எல்லாமே, பாயிண்ட் கணக்கில் வராது. வீட்டு வாடகையைக் கார்டில் கட்ட வழிசெய்யும் சேவைகள் மேலே ஒரு சதவீதம் கட்டணமும் போடும், அது பாயிண்டை விழுங்கிவிடும். கார்டின் விதிமுறைப் பத்திரத்தில் 'பாயிண்ட் கிடைக்காத செலவுகள்' என்ற பகுதி எங்கோ கடைசியில் இருக்கும். விண்ணப்பம் போடும் முன் நான் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். உங்கள் 40,000ல் இப்படி 15,000 போகும் என்று வைத்தால் மிஞ்சுவது 25,000, வருடத்துக்கு 3,00,000. அதற்குள் வெளிநாட்டுப் பயணச் செலவு 60,000 என்று கொள்வோம்.

விமான நிறுவனக் கார்டு: 3,00,000க்கு 9,000 மைல். ஒரு மைல் 0.6 என்றால் 5,400. ஆண்டுக் கட்டணம் 5,000 போக 400. வெளிநாட்டுச் செலவு 60,000க்கு 3.5 சதவீதம், 2,100. அதைக் கழித்தால் 1,700 நஷ்டம். நான் வாங்கப் பார்த்த 15,000 மைல் டிக்கெட்டுக்கு இந்த வேகத்தில் ஒரு வருடம் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

வங்கிக் கார்டு: 6,000 பாயிண்ட். ஒரு பாயிண்ட் 0.5 என்று நீங்கள் அனுப்பிய விவரத்தில் இருக்கிறது, ஆக 3,000. ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி. வெளிநாட்டுச் செலவுக்கு 2 சதவீதம், 1,200. கையில் 1,800 மிஞ்சும். இரண்டுக்கும் இடையே 3,500 வித்தியாசம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 5,000 கட்டணம் கட்டி நஷ்டத்தில் முடியும் கார்டு எதற்கு? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

'10,000 மைல் போனஸை விட்டுவிட்டீர்களே' என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே விட்டேன். அதன் மதிப்பு 0.6 கணக்கில் 6,000, குறைவில்லை. கிடைக்க 90 நாளில் 1,50,000 செலவழிக்க வேண்டும். பாயிண்ட் கணக்கில் வரும் உங்கள் இயல்பான செலவு அந்த 90 நாளில் 75,000. மீதி 75,000க்கு எதையாவது வாங்கித் தீர்க்க வேண்டும். 6,000க்காக 75,000க்குத் தேவையில்லாத பொருள் வாங்குவதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே திட்டமிட்ட பெரிய செலவு அந்த மூன்று மாதத்தில் வருகிறது, கல்யாணமோ வீட்டுக்குச் சாமான் வாங்குவதோ, பணமும் கையில் தயாராக இருக்கிறது என்றால் அப்போது போனஸைக் கணக்கில் சேர்க்கலாம். அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும்.

வெளிநாட்டுச் செலவின் கூடுதல் கட்டணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. சாதாரணக் கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும், சில நாடுகளில் அதன் மேல் வரியும் உண்டு. கட்டணமே இல்லாத கார்டுகளும் உண்டு. 'வெளிநாட்டில் இரட்டிப்புப் பாயிண்ட்' என்று சொல்லிக்கொண்டு 3.5 சதவீதம் எடுக்கும் கார்டு, 2 சதவீதம் திருப்பித் தந்தாலும் உங்களுக்கு 1.5 சதவீதம் நஷ்டம்தான். பயணத்துக்காக வாங்கும் கார்டில் பாயிண்டுக்கு அடுத்தபடியாக இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு இடத்தில் நான் காசை விட்டிருக்கிறேன். வெளிநாட்டில் ஓட்டல் காலி செய்யும் காலை, டாக்சி வெளியே நிற்கிறது. வரவேற்பில் இருந்தவர் மெஷினை என் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு வரி. மேலே அந்த ஊர்ப் பணத்தில் ஒரு தொகை, கீழே நம் ஊர்ப் பணத்தில் ஒரு தொகை. நம் பணத்தில் பார்த்ததும் ஒரு நிம்மதி, அதையே அழுத்தினேன். டாக்சியில் ரசீதைப் பிரித்தால் சின்ன எழுத்தில் மாற்று விகிதமும் அதில் சேர்த்த 4 சதவீதமும் அச்சாகி இருந்தது. கடையும் அதன் பேமென்ட் நிறுவனமும் அந்த இடத்திலேயே பணத்தை மாற்றித் தரும் ஏற்பாடு இது. விசா, மாஸ்டர்கார்டு விதிப்படி எந்தப் பணத்தில் கட்டுவது என்ற தேர்வு கார்டு வைத்திருப்பவருடையது. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஊழியர் தானே அழுத்தப் போனாலும் நிறுத்திச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

லவுஞ்ச், அதாவது விமான நிலையத்தில் உள்ள தனி ஓய்வறை பற்றி நிறையப் பேசுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வருடத்தில் மூன்று பயணம் போகிறவர் ஆறு முறை லவுஞ்சுக்குள் போகலாம், அதில் பாதி நேரம் விமானத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்போம். அதற்காகக் கட்டணம் கூடிய கார்டு வேண்டாம். இலவசமாக வந்தால், எத்தனை முறை, கூட வருபவருக்கு உண்டா, முந்தைய மூன்று மாதத்தில் குறைந்தபட்சச் செலவு செய்திருக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயண இன்சூரன்ஸும் அப்படியே. பல கார்டுகளில் டிக்கெட்டை அந்தக் கார்டிலேயே வாங்கியிருந்தால்தான் செல்லும்.

உங்களுக்கு முதல் கார்டு என்பதால் லிமிட் குறைவாகவே கொடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஓட்டலும் வாடகைக் காரும் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைக்கும். காசு கழியாது, ஆனால் அந்த அளவுக்கு லிமிட் முடங்கிவிடும், விடுபடச் சில நாள் ஆகும். 80,000 லிமிட்டில் 30,000 இப்படி முடங்கினால் திரும்பி வரும் டிக்கெட் எடுக்க இடம் இருக்காது. கிளம்பும் முன் பழைய பில்லைக் கட்டி லிமிட்டைக் காலியாக வையுங்கள். டெபிட் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் வேறு நெட்வொர்க்கில். ஒரு கார்டு விசா என்றால் இன்னொன்று மாஸ்டர்கார்டு. இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். சாதாரண மாதங்களிலும் லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் தொடாமல் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது என்பது பலரும் பின்பற்றும் அளவு. ஒரே நேரத்தில் நாலைந்து வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் அறிக்கையில் பதிவாகும்.

ஒரு வருடம் இந்தக் கார்டை வைத்துப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் பில்லில் ஏறும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால், தள்ளுபடிக்கான 2,50,000 தாண்டிவிட்டதா என்று ஆப்பில் சரிபாருங்கள். தள்ளுபடிக் கணக்கிலும் வாடகை, எரிபொருள் போன்றவை சில கார்டுகளில் சேராது. தாண்டவில்லை என்றால் வங்கிக்குப் போன் செய்து கட்டணத்தை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டவர்களுக்குப் பல நேரம் கிடைக்கிறது. கார்டை மூடுவதாக முடிவு செய்தால் முதலில் பாயிண்டை முழுசாகச் செலவழித்துவிடுங்கள். விமான நிறுவனக் கணக்குக்கு ஏற்கெனவே போன மைல் அங்கே அப்படியே இருக்கும். வங்கியிடம் இருக்கும் பாயிண்ட் பெரும்பாலும் கார்டோடு சேர்ந்து மறைந்துவிடும்.